நாற்பத்தொன்றாம் எண் சாக்கு

அக்கா,

உங்கள் சாக்கு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் ஷேர் ஆட்டோவில் செக்காலைக்கு வந்து, நம் ஆபீஸ் மாடிப்படி ஏறி, மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். சிவப்பு வெங்காயச் சாக்கு. வாயைச் சணலால் கட்டி, சணலில் ஓர் அட்டை, அட்டையில் உங்கள் கையெழுத்தில் 41. "அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி தொங்குச்சு டாக்டரம்மா. அம்மாவுக்கு நாப்பதாம் நாள் பாத்திஹா ஓத வீட்ட ஒதுங்க வச்சப்ப எடுத்தோம். நம்பர் போட்டிருந்துச்சேன்னு தூக்கிப் போடாம கொண்டாந்தேன்" என்றாள். உட்காரச் சொன்னேன். கல்லூரியில் பரீட்சை என்று கிளம்பிவிட்டாள்.

நேற்று திறக்கவில்லை. இன்று காலை ஆபீஸ் கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. மசாலாத் தூள், காறிப்போன எண்ணெய், வெனிலா எசன்ஸ், அதற்கு மேல் காய்ந்த வேப்பிலை. எறும்பு வராமலிருக்க வேப்பிலை போடச் சொன்னவரே நீங்கள்தானே. நாற்பது சாக்கும் இந்த அறையில் குவிந்திருந்த நாட்களில் இதே வாசத்தில்தான் இருந்தோம். "இந்த நாத்தத்தையா டாக்டரம்மா வெளிநாட்டுப் பத்திரிகையில போடப் போறாக?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பீர்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

நம் ஆய்வில் நாற்பது வீடுதான். நாற்பத்தொன்று என்று ஒரு வீடே கிடையாது. அதை உங்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் நாட்டரசன்கோட்டைக்காரி என்று பேர்தான். படித்ததும் உத்தியோகம் பார்த்ததும் வெளியூர். ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்காரி. ஆலையில் உருமாற்றி, நிறமும் மணமும் ஏற்றி, பாக்கெட்டில் அடைத்து வரும் தீனி உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அது வீட்டை என்ன செய்கிறது, தெருவை, ஊருணியை, ஆடு மாட்டை, ஒரு பொம்பளையின் பொழுதை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் நான் வந்தேன். தெருத்தெருவாய் ஆளைத் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டுமென்று கேட்டபோது எல்லோரும் உங்களைத்தான் கை காட்டினார்கள். வீட்டுக்காரர் சவுதியில், மகள் கல்லூரியில், சும்மா இருக்கப் பிடிக்காத மனுஷி என்றார்கள். வந்தீர்கள். என் படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். "மி-கைப் ப-த-னிட்-ட உணவு. யாத்தே, இம்புட்டுப் பெரிய பேரா? பாக்கெட்டு பண்டம்னு சொன்னா ஆகாதாக்கும்?" அன்றிலிருந்து நானும் பாக்கெட்டு பண்டம் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கே எனக்குப் பேரும் வைத்துவிட்டீர்கள். நான் பட்டம் வாங்கிய டாக்டர்தான், வைத்தியம் தெரியாது என்று சொல்லச் சொல்ல, போன வீட்டிலெல்லாம் "டாக்டரம்மா வந்திருக்காக" என்று அறிமுகம். ஒருத்தி முதுகு வலி என்று என் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "இவுக ஊசி போடாத டாக்டரு" என்று நீங்கள் சமாளித்தீர்கள்.

முதல் இரண்டு வாரம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போய், நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் இட்லி, எல்லா வீட்டிலும் சாம்பார், எல்லா வீட்டிலும் முருங்கைக்கீரை. இந்த ஊரில் அத்தனை முருங்கை மரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த நீங்கள், தெருமுனை திரும்பியதும் விட்டீர்களே ஒரு சிரிப்பு. "பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி ஃபாரத்த மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தா, அவுகளும் பொண்ணு வீட்டுக்காரவுக மாதிரித்தான் பதில் சொல்லுவாக. வாயக் கேக்காதீக டாக்டரம்மா. குப்பையக் கேளுங்க."

அதற்கு அடுத்த சந்தையில் வெங்காயக் கடைக்காரரிடம் பேரம் பேசிக் காலிச் சாக்குகளைச் சுமந்து வந்தீர்கள். வீட்டுக்கு ஒன்று, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில். எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் உறையைத் தூக்கிப் போடாமல் சாக்கில் போட வேண்டும். உறை மேல் கிழமையும், யார் தின்றது என்பதும் எழுத வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை நாம் போய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு வேறு சாக்கை மாட்டிவிட்டு வருவோம். என் படிப்பில் எங்கேயும் சொல்லித் தராத வழி அது. நான் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் வைத்து என் பேரில் எழுதிக்கொண்டேன்.

உறைகளைத் தரையில் பரப்பி நாம் இருவரும் பிரிப்போம். 'சின்னவன்', 'பெரியவ', 'அப்பச்சி', 'பேத்தி' என்று எல்லாப் பேரும் இருக்கும். 'நான்' என்று எழுதிய உறை மட்டும் இருக்காது. எழுதுகிறவள் வீட்டுக்காரி, அவள் எதுவுமே தின்பதில்லையா என்று கேட்டேன். "பொம்பளைக தான் தின்னத எழுத மாட்டாக. புள்ள பேருல எழுதிருவாக" என்றீர்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

என் படிவத்தின் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். சும்மா சம்பிரதாயத்துக்குப் போட்டது. அதை நீங்கள் நிரப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் நான் என்ன ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறேன் என்பதே எனக்கு விளங்கியது. செக்காலையில் ஆர்டருக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் சுடும் அந்தப் பெண் வீட்டுக்குப் போனோமே. அடுப்பில் தேன்குழல் வெந்துகொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே அவள் பிள்ளைகள் இரண்டும் பாக்கெட்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தன. "இதுல ரெண்டு குடுத்தா என்னத்தா?" என்று கேட்டீர்கள். "கல்யாண வீட்டுக்கு எண்ணி வச்சதுக்கா. ரெண்டு கொறஞ்சா மறுபடி மாவு பெசையணும், எனக்குத் தோள்பட்ட இல்ல" என்றாள். 'மற்றவை'யில் உங்கள் கோணல் எழுத்தில் இருந்தது: 'அம்மா சுடுறது ஊருக்கு. புள்ளைக்குக் கடையில தொங்குறது. அம்மாவுக்குத் தோள் வலி.'

காளையார்கோவில் பக்கம் ஒரு வீட்டில் ஆடு வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பாக்கெட்டு உறைகள் பந்து பந்தாய். அந்த அம்மா அழுததை நான் ஓரமாய் நின்று குறிப்பெடுத்தேன். நீங்கள் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதீர்கள். பஸ்ஸில் வரும்போது, நம் சாக்கு தொங்கும் வரைக்கும்தான் தெரு சுத்தமாய் இருக்கும், எடுத்துவிட்டால் பழையபடிதான் என்றீர்கள். அப்படித்தான் ஆயிற்று அக்கா. சாக்குகளை எடுத்த மறு வாரமே ஊருணிக் கரையில் உறைகள் மினுங்க ஆரம்பித்துவிட்டன. நம் ஆய்வு இந்த ஊருக்குச் செய்த ஒரே நல்லது ஆய்வு முடிந்ததும் நின்றுபோனது.

இனி அந்த ஆரஞ்சு விஷயம்.

நாலாவது வாரம் உறைகளைக் கிழமைவாரியாய் வரிசை கட்டி வைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற நாட்களில் கலர் கலராய்க் கிடக்கும் தரை, சனிக்கிழமை வரிசையில் மட்டும் ஒரே ஆரஞ்சு. அதே க்ரீம் பிஸ்கட். பிள்ளை இருக்கிற வீடு அத்தனையிலும், தவறாமல், சனிக்கிழமை சனிக்கிழமை. மதுரையில் இருக்கும் என் பேராசிரியருக்குப் போன் போட்டுக் கத்தினேன். கம்பெனிக்காரன் வேன் சனிக்கிழமை வருகிறது, தெருவையே வளைத்துப் போட்டுவிட்டான் என்று கதை கட்டினேன். அவரும் சந்தோஷப்பட்டார். அடுத்த சனிக்கிழமை அந்த வேனைக் கையும் களவுமாய்ப் பிடிப்பதென்று காலையிலேயே மளிகைக் கடைக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நீங்களும் வந்தீர்கள். இரண்டு டீ குடித்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உங்கள் கையில், வாராவாரம் நீங்கள் கொண்டுவரும் துணிப்பை.

"என்னத்துக்கு இங்குட்டே ஒக்காந்திருக்கோம்?" என்று கேட்டீர்கள். பிஸ்கட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த பிஸ்கட்டு?" என்றீர்கள். ஆரஞ்சு பாக்கெட்டு என்றேன். துணிப்பையைத் திறந்து என் முன்னால் நீட்டினீர்கள். "இந்தாருக்கு. நம்மதானே கொண்டு போறோம்?"

பை நிறைய அதே பாக்கெட்டு.

நாலு வாரமாய் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பாக்கெட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். என் கண் முன்னால்தான் வாங்கியிருக்கிறீர்கள். பையைப் பார்த்தேன், உங்கள் வீட்டுச் சாமான் என்று நினைத்தேன். முந்தின வாரம் பசி என்று அதில் ஒரு பாக்கெட்டை எடுத்து நானே தின்றிருக்கிறேன்! "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். வெறுங்கைய வீசிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது டாக்டரம்மா? புள்ளைக இருக்க வீடுல்ல?"

சிரித்திருக்கலாம். இன்று யாராவது இதை எனக்கு வந்து சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பேன். அன்று பேராசிரியரிடம் அவமானப்படப் போகிறோம் என்ற ஒன்றுதான் மண்டையில் நின்றது. டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, "வீட்டுல இருக்கறத மாத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்று கத்திவிட்டேன். என்னைவிட எட்டு வயது பெரியவர் நீங்கள். தலையில் நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தீர்கள். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

திரும்பி நடக்கையில் கொஞ்சம் தணிந்து, பழமாவது வாங்கிப் போயிருக்கலாமே என்றேன். நீங்கள் நின்று சொன்னீர்கள்: "பழம் சீக்காளி வீட்டுக்கு வாங்கிட்டுப் போறது. நல்லா இருக்க வீட்டுக்குப் பழத்தத் தூக்கிட்டுப் போனா, யாருக்கு என்னான்னு கேப்பாக. அதோட நாப்பது வீட்டுக்குப் பழம் சுமக்க எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? பிஸ்கட்டு கனக்காது, நசுங்காது, அழுகாது. புள்ளையும் சிரிக்கும்."

நான் வருஷக்கணக்காய் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான் அக்கா. இந்தத் தீனி ஏன் ஜெயிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாய் நான் எதையும் எழுதியதில்லை. ஆனால் அன்றைக்கு அது என் காதில் விழவில்லை. ஒரு மாதம் முழுக்க மறுபடி செய்ய வேண்டும், இனி ஒரு வீட்டுக்கும் கையில் எதையும் கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கடைக்காரரிடம் மொத்தமாய்ச் சொல்லி ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தீர்கள். "அந்தப் பெட்டிய என்ன பண்றது?" என்று கேட்டீர்கள். "எதையாவது பண்ணுங்க. வீடுகளுக்குப் போகக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றேன்.

அந்த இரண்டாவது மாதம் எல்லாம் சுத்தமாய் வந்தது. சனிக்கிழமை ஆரஞ்சு மறைந்தது. பேராசிரியர் மெச்சினார். 'மற்றவை' கட்டம் மட்டும் வீட்டுக்கு வீடு காலி. ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டேன். "வாசல்லயே நின்னு சாக்க வாங்கிட்டு வந்துர்றேன் டாக்டரம்மா. அவுக வாங்கன்னுதான் கூப்பிடுறாக. எனக்குத்தான் உள்ள போகக் கூசுது" என்றீர்கள். புள்ளைகள் முதலில் உங்கள் கையைத்தான் பார்க்கின்றன என்றீர்கள். பரவாயில்லை, உறைகள் போதும் என்றேன். அந்த நேரம் எனக்கு உறைகள்தான் வேண்டியிருந்தது.

நாள் குறைவு. அறிக்கை கொடுக்கும் தேதி நெருங்கியது. சனிக்கிழமை என்றிருந்ததைத் தினமும் ஆக்கினேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் சாயங்காலம் நாலுக்கு ஆபீஸ். வெயில் மண்டையைப் பிளந்தது. நீங்கள் படியேறி வந்ததும் தவறாமல் "சாப்டீகளாக்கா?" என்று கேட்பேன். தவறாமல் "ஆச்சு" என்பீர்கள். அதோடு சரி, சாக்கைக் கவிழ்க்க ஆரம்பித்துவிடுவேன். ஊர் முழுக்க ஒருத்தர் வாயையும் நம்பாமல் சாக்கு மாட்டித் திரிந்தவள் நான். உங்கள் வாயை மட்டும் நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது, வேறென்ன?

ஊருணிக் கரையில் கருவேல முள் உங்கள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது அந்த மாதக் கடைசியில். குனிந்து, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீங்களே முள்ளை எடுத்தீர்கள். நான் குடை பிடித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். "முள்ளு குத்துனா வலிக்காம இனிக்குமா?" என்றீர்கள். அன்று மிச்சம் ஏழு வீடு இருந்தது. ஏழையும் முடித்தோம். அடுத்த வாரம் காலை இழுத்து இழுத்து நடந்தீர்கள். மருந்து போட்டீர்களா என்று கேட்டேன். "ஆச்சு."

உங்களுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியாது. பையில் மாத்திரை அட்டையை ஒருநாள் பார்த்துக் கேட்டேன், சத்து மாத்திரை என்றீர்கள். யாரிடம் சொல்லி அழ அக்கா? ஊட்டச்சத்துக்காரியிடம் சத்து மாத்திரை என்று சொன்னீர்கள், அவளும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பியிருந்தால் போதும்.

முள் ஏறிய கால் சீழ்ப்பிடித்து உங்களை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பார்க்க வந்தேன். காலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். காய்ச்சலில் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. வழியில் ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன், யோசிக்கவே இல்லை, கை தானாய் வாங்கியது. நீங்கள் என் கையிலிருந்த பையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தீர்கள். "பழம் வாங்கியாந்துட்டீகளா? அப்ப நான் சீக்காளிதான்."

டீக்கடையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன். பஸ்ஸில் வரி வரியாய்ச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டது, இருபத்து மூணாம் எண் வீட்டுச் சாக்கு எங்கே இருக்கிறது என்று. நீங்களும் பதில் சொன்னீர்கள். ஆபீஸ் பீரோவுக்கு மேலே என்று.

புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெண்கள் கூட்டத்தில் நானும் நின்றேன். "டாக்டரம்மா வந்திருக்காக" என்று யாரோ எனக்கு வழி விட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அறிக்கையைக் கொடுத்தாயிற்று. நிறையப் பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடை வாசலில் சரம் சரமாய்த் தொங்குவது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தேன்குழல் சுடுகிறவளின் பெரிய பிள்ளை இப்போது சோறே வேண்டாம் என்கிறானாம். என்னிடம் வந்து என்ன செய்வது என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாய் இருந்தது, ஏதோ சொல்லி அனுப்பினேன். நான் எழுதியதால் ஒரு அடுப்பு கூடக் கூடுதலாய் எரியவில்லை, ஒரு பொம்பளைக்குக் கூட அரை மணி நேரம் மிச்சமாகவில்லை.

இன்று காலை, கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உங்கள் சாக்கைக் கவிழ்த்தேன்.

முதல் முதலாய்ச் சாக்கு மாட்டும்போது, "மொதல்ல எங்க வீட்டுல தொங்க விட்டுப் பாக்குறேன், நம்ம செய்யாம ஊராளச் செய்யச் சொன்னா நல்லாருக்காது" என்றீர்கள். வேலை செய்கிறவர் வீடு கணக்கில் வராதக்கா என்றேன். சரி என்று தலையாட்டினீர்கள். தலையாட்டிவிட்டு, அட்டையில் நம்பர் எழுதி மாட்டி, விடாமல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள். மகள் பேர் எழுதிய உறைகள் கொஞ்சம். இரண்டு நூடுல்ஸ். ஒரு மிக்சர். மிச்சம் அத்தனையும் ஆரஞ்சு. அதே க்ரீம் பிஸ்கட். ஒவ்வொன்றும் நாலாய் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் கிழமை, கிழமைக்குப் பக்கத்தில் 'மத்தியானம்', அதற்குக் கீழே 'நான்'.

நாற்பது வீட்டில் ஒருத்தி கூட எழுதாத வார்த்தை, அக்கா. தரை முழுக்க நான், நான், நான்.

எண்ணவில்லை. எண்ணுவதுதான் என் பிழைப்பு, இன்று எண்ணவில்லை. வீடுகளுக்குப் போகக் கூடாது என்று நான் நிறுத்திய பெட்டி எங்கே போனது என்று தெரிந்துவிட்டது.

அடியில் ஒரு படிவம். நாற்பத்தொன்றாம் வீடு என்று போட்டு, எல்லாக் கட்டமும் ஒழுங்காய் நிரப்பி, கடைசியில் 'மற்றவை'. வாசித்ததை அப்படியே எழுதுகிறேன்: 'வேலைக்குப் போற பொம்பள. காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். மத்தியானம் வீட்டுக்கு வந்துபோக நேரம் பத்தாது. பையில இருக்குறதத் தின்னுக்கிறது. சக்கரை இருக்கு. வேலை குடுத்தவுகளுக்குத் தெரியாது. சொன்னா நிறுத்திருவாகளோன்னு சொல்லல.'

பிஸ்கட் தின்று யாரும் செத்துப்போவதில்லை, எனக்குத் தெரியும். முள் இருக்கிறது, பல வருஷச் சர்க்கரை இருக்கிறது, தேய்ந்த செருப்பு இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் என் பேர் வராது. ஆனால் உடம்பைத் தாண்டி இந்தத் தீனி எங்கெங்கே போகிறது, யார் யார் அவசரம் அதை ஊட்டுகிறது என்று கண்டுபிடிக்கத்தானே நான் இந்த ஊருக்கு வந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் மத்தியானத்தை எடுத்துக்கொண்டது நான்தான். நீங்கள் அதைக் கோபமில்லாமல், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி எழுதுவது போல எழுதி வைத்திருக்கிறீர்கள். பெயரைக் கூடப் போடவில்லை. 'வேலை குடுத்தவுக.'

மத்தியானம் உங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனைக் கடை முன்னால் நின்றேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? சரங்களைப் பார்த்தேன். ஆரஞ்சு தொங்கியது. பக்கத்துத் தள்ளுவண்டியில் பழம் இருந்தது. அந்த வீட்டில் சீக்காளி யாரும் இப்போது இல்லை. கடைசியில் வெறுங்கையோடுதான் போனேன். நீங்கள் சொன்ன கூச்சம் என்னவென்று உங்கள் வீட்டு வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. மகள் "வாங்க டாக்டரம்மா" என்று கூப்பிட்டும் கால் நகரவில்லை.

உங்களிடம் நான் தினமும் கேட்டதையே கேட்டாள், உள்ளே உட்கார வைத்ததும் முதல் வார்த்தையாய்: "சாப்டீகளா?"

"ஆச்சு" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

அவள் நம்பவில்லை. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்தாள். தட்டில் பிஸ்கட். "வேற ஒண்ணும் இல்ல, பரீட்சைன்னு சமைக்கல. அம்மா வாங்கி வச்ச பெட்டியில இதுதான் கடைசி பாக்கெட்டு" என்றாள். அவள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தின்றேன். ஒன்றைக் கூட மிச்சம் வைக்கவில்லை. டீயை ஊற்றி ஊற்றி இறக்கினேன்.

அவள் காலி உறையை எடுத்து, நாலாய் மடித்துக்கொண்டே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போனாள். ஆணி மட்டும் இருந்தது. கையில் உறையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "இத எங்குட்டு போடுறது டாக்டரம்மா?"

வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது மேசையில், இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிழமை எழுதிவிட்டேன். மத்தியானம் என்றும் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுதக் கை வரவில்லை அக்கா.